அடி வாங்காத 8,214 நாட்கள்

அடி வாங்கியவனுக்கு ஊரே வைத்தியம் சொல்லும். நான் வாங்கியது ஒரே ஒரு அறை. காலை எட்டேகாலுக்கு, நல்ல வெயிலில், ஒரு விநாடியில் முடிந்துபோன சமாசாரம். அதற்குக் கிடைத்த ஆலோசனைகளைக் கேட்டு முடிக்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். லென்ஸைத் தேய்த்து பிரேமுக்குள் உட்கார வைப்பது என் வேலை. காலையில் கடைக்குப் போகும்போது மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போவேன். அவளுக்கு ஒன்பது வயது. வழியில் ஒரு முக்கு. அந்த முக்கில் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிற ஒருவன் நடைபாதை முழுக்கக் கேன்களைப் பரப்பி வைத்திருப்பான். தெருவில் எல்லோருக்கும் அவன் கேன்காரன்தான். ஒரு தோளுக்கு ஒரு கேன் என்று இரண்டைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறுகிற ஆள். அன்றைக்கு மகளின் பை இடித்து ஒரு கேன் உருண்டு சாலைக்குப் போய்விட்டது. "கொஞ்சம் தள்ளி வைக்கலாமே" என்று சொல்ல வாயெடுத்தேன். 'கொஞ்சம்' வரைக்கும் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் என் கண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

மகள் அழவில்லை. கண்ணாடியைப் பொறுக்கிக் கொடுத்தாள். மறுநாள் காலையில், "அப்பா, நான் இனிமே வேன்ல போறேன்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. வேனில் முக்குப் பக்கம் இல்லாத ஜன்னலில்தான் உட்காருகிறாளாம். வேன் டிரைவர் சொன்னார். அந்த அறை எனக்கு அன்றைக்கு வலிக்கவில்லை. வேன் டிரைவர் சொன்ன அன்றைக்குத்தான் வலித்தது.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று கடையில் கேஷியர் பழமொழி சொல்லி, ஒரு தற்காப்புக் கலைக்கூடத்தின் விலாசமும் கொடுத்தார். முதல் வகுப்பு இலவசமாம். சும்மா ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

கூடம் ஒரு பழைய கிடங்கின் இரண்டாவது மாடியில் இருந்தது. வாசலில் பெரிய செருப்பு அடுக்கு. கீழே நான்கு வரிசையிலும் எண் போட்ட பெட்டிகளில் ஒவ்வொரு ஜோடி. மேலே மூன்று வரிசையில் தூசி படிந்த செருப்புகள், ஷூக்கள், பின்பக்கம் தேய்ந்த ஒரு பெண்ணின் சாண்டல். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பதிவு அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினார்.

'இதுவரை எத்தனை முறை அடி வாங்கியிருக்கிறீர்கள்? யாரிடம்? வலது கையா, இடது கையா? மீண்டும் வாங்கும் உத்தேசம் உண்டா?'

"சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சார் வருவாங்க" என்றார். குரலில் ஒரு பரிவு இருந்தது. அந்தப் பரிவு எனக்குப் பிடிக்கவில்லை.

"பிடிக்கலைன்னா நின்னுக்கலாமா?"

"இதுவரைக்கும் யாரும் நின்னதில்லை சார்."

ஒரு ஜோடி செருப்பைக் கூடத்திலேயே நிரந்தரமாக விட்டுவைக்க வேண்டும் என்பது விதியாம். மாணவர் எங்கே சுற்றினாலும் அவர் காலடி கூடத்தில் இருக்க வேண்டும். அன்றைக்கு வெறுங்காலோடு வீட்டுக்குப் போகலாம் என்றார். எனக்குக் கிடைத்தது அறுபத்தொன்றாம் எண் பெட்டி. "மேல இருக்கறதெல்லாம் யாரோடது?" என்று கேட்டேன்.

"மேல காலி அடுக்கு சார்."

"செருப்பு இருக்கே?"

பதிவு அம்மாள் நிமிர்ந்து மேலே பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "இல்லையே" என்றார்.

உள்ளே நுழைந்ததும் கதவைக் கும்பிட வேண்டும். தரையைக் கும்பிட வேண்டும். தரையைத் துடைக்கிற மாப்பையும் கும்பிட வேண்டும். இவ்வளவையும் கும்பிட்டு நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் ஒரு பலகை. 'எம் மாணவர் எவரும் அடி வாங்காத நாட்கள்: 8,214.' தொழிற்சாலைகளில் விபத்து நடக்காத நாட்களை எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி. வகுப்பு தொடங்குமுன் இரண்டு கறுப்புப் பட்டைக்காரர்கள் ஏணி வைத்து, நான்கை எடுத்துவிட்டு ஐந்தை மாட்டினார்கள். அறுபது பேர் மூச்சு விடாமல் நின்றார்கள். நானும் விடவில்லை. பக்கத்தில் நின்றவர் விடவில்லையே.

கறுப்புப் பட்டைக்காரர்களில் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. கூடத்தின் பாதுகாப்புக் குழு இவர்கள்தான். அப்புறம் தலைமை ஆசான் வந்தார். சின்ன உருவம், வழுக்கைத் தலை, மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தவர் மாதிரி மெல்லிய குரல்.

"அடிக்கிறது சுலபம்" என்றார். "அடி வாங்கறது அதைவிட சுலபம். யாரும் அடி வாங்கலைன்னு இருபத்திரண்டரை வருஷம் எழுதி வைக்கறது இருக்கே, அதுதான் கலை. தற்காப்புன்னு சொல்றோம். எதைக் காப்பாத்தறோம்? உங்க மூக்கையா? மூக்கு உடைஞ்சா ஒட்டிக்கலாம். அந்தப் பலகையில இருக்கற எண் உடைஞ்சா யாரு ஒட்டுவா?"

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும்தான் மூக்கு நமநமவென்றது.

"எங்க பழைய மாணவருங்க எத்தனை பேருன்னு வெளில கேக்கறாங்க" என்று தொடர்ந்தார். "பழைய மாணவர்னு ஒருத்தர்கூட கிடையாது. இருக்கறவங்க இருக்காங்க. இல்லாதவங்க எப்பவுமே இருந்ததில்லை."

இதற்கும் கைதட்டினார்கள். என் கண் ஏனோ வாசல் பக்கம் போயிற்று.

எனக்கு வெள்ளைப் பட்டை கட்டினார்கள். இதை எப்போதும் கட்டியிருக்க வேண்டும், கடையில், கட்டிலில், குளியலறையிலும்கூட. சட்டைக்கு உள்ளே கட்டிக்கொள்ளலாம். முடிச்சு போடுவதற்கு ஒரு தனி முறை இருந்தது. அதை எனக்குச் சொல்லித்தரவில்லை, குட்டையே ஒவ்வொரு தடவையும் போட்டுவிட்டார். பிறகு முதல் பாடம். ஆசான் என் முன்னால் வந்து நின்றார். அடுத்த கணம் நான் தரையில் கிடந்தேன், விலாவில் யாரோ கதவைச் சாத்தியது போல இருந்தது.

"ஐயா, அடிச்சிட்டீங்களே!" என்று கத்திவிட்டேன்.

கூடம் முழுக்க உறைந்துபோனது. நெட்டை பலகையைப் பார்த்தார். ஆசான் குனிந்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இங்க யாரும் யாரையும் அடிக்கறதில்லை தம்பி. பாடம் வைக்கறோம். உங்களுக்கு இப்ப என்ன ஆச்சு?"

"பாடம் ஆச்சு" என்றேன்.

"கெட்டிக்காரர்" என்றார்.

வாரம் மூன்று நாள் பாடம். விழச் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கவாட்டில் விழுவது, பின்னால் விழுவது, தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உள்ளங்கையால் தரையைத் தட்டி விழுவது. கை ஓங்க எப்போது சொல்லித்தருவீர்கள் என்று கேட்டேன். அது ஏழாம் வருடத்தில் வருகிறதாம், அதுவும் ஓங்குவது மட்டும். கூடத்தின் கோடியில் ஒரு திரை இருந்தது. அதற்குப் பின்னால் பாதுகாப்புக் குழு தனியாகப் பயிற்சி செய்யும். துணி சரசரக்கிற சத்தம் கேட்கும். பிறகு ஒரு கடிகாரம் டிக்கென்று நிற்கும். "ஏழு விநாடி" என்று ஒரு குரல். "போன மாசம் ஆறுதானே" என்று இன்னொரு குரல். உயிரை எடுக்கிற ஏதோ மர்ம அடி போலிருக்கிறது, என்றைக்காவது நமக்கும் சொல்லித்தருவார்கள் என்று எச்சில் விழுங்கிக்கொண்டு காத்திருந்தேன்.

வீட்டில் மனைவி என் முதுகைப் பார்த்துவிட்டாள். "யாரு அடிச்சது?"

"அடியில்லை. பாடம்."

"நல்லாயிருக்கே! அந்தாளு ஒரே ஒரு அறை விட்டான். அதுக்கு நீங்க வாரத்துல மூணு நாள் போய் வாங்கிட்டு வர்றீங்க. இதுக்கு அவனையே வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தா பஸ் செலவாவது மிச்சமாகியிருக்கும். வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டு, அதுக்கு ஒரு முடிச்சு வேற."

மகள் கொடியில் காய்ந்த வெள்ளை உடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நீ எப்ப ரெடியாவ?"

"மூணு மாசம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவள் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணி, ஒரு தேதியில் பென்சிலால் வட்டம் போட்டாள். "அன்னிக்கு நான் வேன்ல போகமாட்டேன். உன்கூட நடந்து வர்றேன்." அந்த வட்டத்துக்காக நான் எத்தனை பாடம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கூடத்தை விட்டு ஓடாமல் இருந்ததற்கு வேறு காரணமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதுகாப்புக் குழு வீட்டுக்கு வந்தது. கதவைக் கும்பிட்டது. நெட்டை டேப் வைத்து முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே அளந்தார். குட்டை கோப்பைத் திறந்து மனைவியைக் கேட்டார். "நீங்க கை ஓங்கற பழக்கம் உண்டாம்மா?"

"இதுவரைக்கும் இல்லை" என்றாள் மனைவி. "இன்னிக்குத் தோணுது."

குட்டை எழுதிக்கொண்டார். எனக்கு இனிமேல் வீட்டில் வாக்குவாதம் கூடாது என்று உத்தரவு. பிறகு ஒரு வரைபடத்தை விரித்தார்கள். என் தெருக்கள், என் கடை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருந்தன. நான் எந்தக் கடையில் நின்று செய்தித்தாள் படிப்பேன் என்பது வரைக்கும் குறித்திருந்தார்கள். முக்கில் சிவப்பு வட்டம். சந்தைத் தெருவில் சிவப்பு வட்டம், அங்கே கூட்டத்தில் தோள் இடிபடும். என் அண்ணன் வீட்டின் மேல் ஒரு சிவப்பு வட்டம்.

"அண்ணன் வீடு எதுக்கு?"

"சொத்துப் பேச்சு வந்தா யாரு எப்படி ஆவாங்கன்னு சொல்ல முடியாது சார்" என்றார் நெட்டை.

மறுநாளிலிருந்து பத்து நிமிட நடை நாற்பது நிமிடம் ஆயிற்று. கடையில் வாடிக்கையாளரிடம் பேரம் பேசக்கூடாது. பஸ்ஸில் ஜன்னல் இருக்கைக்குப் போட்டி போடக்கூடாது. யாராவது முறைத்தால் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், எதற்கு என்று அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். திரும்பிப் பார்த்தால் இருபது அடி பின்னால் இருவர் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார்கள். வகுப்பு முடிந்து திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த நாற்பத்திரண்டாம் எண் மாணவர், ஒரு குமாஸ்தா, ஒருநாள் என் காதில் சொன்னார். "நான் வீட்டை விட்டு வெளிய வர்றதே வகுப்புக்குத்தான் சார். ஆபீஸை விட்டுட்டேன். எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?" சொல்லும்போது அவர் கண் இமைக்கவே இல்லை. அடுத்த வாரம் அவரைக் காணவில்லை. கேட்டதற்கு, நாற்பத்திரண்டு என்று ஒரு எண்ணே கிடையாது என்றார்கள்.

பென்சில் வட்டம் நெருங்கியது. நான் ஆசானிடம் போய் நின்றேன். "ஐயா, ஒரே ஒரு நாள். பொண்ணைக் கூட்டிக்கிட்டு அந்த முக்கு வழியா போகணும். அதுக்காகத்தான் இங்க சேர்ந்தேன்."

ஆசான் கண்ணை மூடிக்கொண்டார். "எங்க மாணவர் ஒருத்தர்கூட அந்த முக்குல அடி வாங்கினதில்லை. ஏன் தெரியுமா? ஒருத்தர்கூட அந்த முக்குக்குப் போனதில்லை. இதுதான் பயிற்சி. உங்க பொண்ணு வேன்ல போறா இல்ல? எங்களைவிட நல்லா கத்துக்கிட்டா. அவளைக் கூட்டிட்டு வாங்க, குழந்தைங்களுக்கும் வகுப்பு இருக்கு."

என் மகளுக்கும் ஒரு எண், ஒரு பெட்டி, அதில் நீலப் பூப்போட்ட அந்தச் சின்னச் செருப்பு! மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னால் வாக்குவாதம். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வட்டம் போட்ட நாளன்று மகள் எனக்கு முன்னால் எழுந்து, வேன் டிரைவருக்குக் கையசைத்து, போகச் சொல்லிவிட்டாள். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். முக்கு வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். முக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினாள்.

கேன்காரன் இருந்தான். கேன்களும் இருந்தன, முன்னைவிட ஒரு வரிசை அதிகம்.

"என்னய்யா, மறுபடியும் உருட்ட வந்தியா?" என்றான்.

ஒதுங்கி சாலையில் இறங்கிப் போயிருக்கலாம். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நடக்கறதுக்கு வழி விடுங்க" என்றேன். இந்தத் தடவை முழு வாக்கியமும் சொல்லி முடித்தேன். அவன் கேனைக் கீழே வைத்தான். கை மேலே போனது.

அப்போதுதான் பின்னாலிருந்து கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. நெட்டையும் குட்டையும்! எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. மூன்று மாதம் இவர்களைத் திட்டியதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

வந்தவர்கள் கேன்காரனைத் தாண்டி என்னிடம் வந்தார்கள். நெட்டை என் சட்டையைத் தூக்கினார். குட்டையின் விரல்கள் முடிச்சில் விழுந்தன. துணி சரசரத்தது. திரைக்குப் பின்னால் கேட்ட அதே சத்தம். பட்டை கழன்று, சுருண்டு, பைக்குள் போய், என் கட்டைவிரல் மையில் தோய்ந்து, 'நான் எக்காலத்திலும் மாணவனாக இருந்ததில்லை' என்று எழுதிய ஒரு காகிதத்தில் பதிந்துவிட்டது. குட்டை கடிகாரத்தை அழுத்தினார். "ஆறு" என்றார். நெட்டை நெகிழ்ந்துபோய் அவர் தோளைத் தட்டினார்.

கேன்காரன் ஓங்கிய கையோடு நின்றிருந்தான். "யாருய்யா நீங்க?"

இருவரும் அவனைக் கும்பிட்டார்கள். இரண்டடி பின்னால் போய் நின்றார்கள். "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றார் நெட்டை. "நீங்க தொடரலாம்."

தொடர்ந்தான்.

நான் விழுந்தேன். பக்கவாட்டில், தாடையை நெஞ்சோடு சேர்த்து, உள்ளங்கையால் தரையைத் தட்டி விழுந்தேன். மூன்று மாதத்தில் அப்படி ஒரு விழுகை எனக்கு வந்ததில்லை. குட்டையின் வாயிலிருந்து "பலே" என்று தன்னையறியாமல் வந்துவிட்டது. பிறகு அவர் கேன்காரனிடம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். "நல்ல தோள் உங்களுக்கு. சனிக்கிழமை வாங்க. முதல் வகுப்பு இலவசம்."

மகள் கண்ணாடியைப் பொறுக்கிக் கொடுத்தாள். இரண்டாவது தடவை. பள்ளிக்கூட வாசல் வரைக்கும் என் விரலைப் பிடித்தபடியே வந்தாள். உள்ளே போகும்போது திரும்பி, "நீ நல்லா விழுந்தப்பா" என்றாள். கிண்டல் இல்லை, பாராட்டித்தான் சொன்னாள். நான் கடைக்குப் போய், பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

மாலையில் செருப்பை வாங்கிவரக் கூடத்துக்குப் போனேன். பலகையில் எண் ஒன்று கூடியிருந்தது. அறுபத்தொன்றாம் பெட்டி காலி. என் செருப்பு மேல் அடுக்கில், பின்பக்கம் தேய்ந்த சாண்டலுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னும் தூசி படியவில்லை.

"அது என்னோடது. எடுத்துத் தாங்க" என்றேன்.

பதிவு அம்மாள் மேலே பார்த்தார். "அது காலி அடுக்கு சார்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அதே பரிவு. "நீங்க யாரைப் பாக்கணும்?"

மறுநாள் காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. மகள் போகவில்லை. பையை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "வேன்ல போனா நீ தனியா முக்குல நடக்கறதை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே போகணும்பா. அது இதைவிட மோசமா இருக்கு" என்றாள். மனைவி கதவருகே நின்று மூக்கை உறிஞ்சினாள். அன்றிலிருந்து முக்கு வழியாகத்தான் போகிறோம். நடைபாதையில் இடமில்லையென்றால் சாலையில் இறங்கி ஏறிக்கொள்வோம். கேன்காரன் ஏதாவது சொல்வான். நான் ஏதாவது சொல்லாமல் இருப்பேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, முக்கில் கேன்கள் ஒரே வரிசையாகச் சுவரோரம் ஒட்டி நின்றன. நடைபாதை விசாலமாகக் கிடந்தது. கேன்காரன் ஓரமாக நின்றிருந்தான். பனியனுக்கு உள்ளே இடுப்பில் ஒரு முடிச்சு துருத்திக்கொண்டிருந்தது. முகம் வீங்கியிருந்தது. பாடம் நன்றாக ஏறுகிறது போலும். காலில் செருப்பு இல்லை. அவனுக்கு இரண்டு பக்கமும் நெட்டையும் குட்டையும் கோப்போடு நின்றார்கள்.

"அண்ணே, அந்த ஆளு வர்றாரு" என்று நெட்டை அவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கே கேட்டது. "வெளியாளு. பழைய பகை இருக்கு. நீங்க எதிர்ப்பக்கம் போயிடுங்க."

மூன்று மாடிக்கு இரண்டு கேன் தூக்குகிற அந்த ஆள் என்னைப் பார்த்துக் கைகூப்பினான். "மன்னிச்சுடுங்க சார்" என்றான். எதற்கு என்று அவனுக்கே தெரிந்த மாதிரி இல்லை. சாலையைக் கடக்கப் போனவன் வண்டிகள் வந்ததால் முடியாமல் என் கைக்கெட்டும் தூரத்தில், சுவரோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"ஏம்பா அவரு நம்மளைப் பாத்து பயப்படறாரு?" என்று மகள் கேட்டாள்.

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்த வீங்கின கன்னத்தில் எந்த இடம் என்றுதான் என் கண் தேடிக்கொண்டிருந்தது. மூன்று மாதமும் இரண்டு அறையும் உள்ளங்கையில் வந்து சூடாக உட்கார்ந்துகொண்டன.

குட்டை இதையெல்லாம் கவனித்துவிட்டார். தொழில் தெரிந்த மனுஷர். என் அருகே வந்து கும்பிட்டு, கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"சார், அடிக்கறதா இருந்தா ஆறு விநாடி முன்னாடி சொல்லிடுங்க. பெல்ட்டைக் கழட்டணும்."

நான் அடிக்கவில்லை. பெரிய மனசு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் வலது கையை மகள் பிடித்துக்கொண்டிருந்தாள்.